முடிந்ததற்கும் முன் முடிந்தது: மன்னார்க் கரையோரமும் ஐரோப்பியர் வகுத்த தமிழ் வினைவாய்பாடும்

மொழியிலக்கண வரலாறு எம்மிடையே பெரும்பாலும் இலக்கண ஆசிரியர்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. நூலை இயற்றியவர் யார், அவர் எக்காலத்தவர், உரை கண்டோர் எவர் என்ற வினாக்களுடன் ஆய்வு நின்றுவிடுகின்றது. குறித்த ஓர் இலக்கணக் கூறு எந்தச் சமுதாயத் தேவையினால் வேண்டப்பட்டது, அதற்குரிய சான்றினைத் தம் வாய்மொழியால் வழங்கியோர் யாவர் என்பன அரிதாகவே வினவப்படுகின்றன. இக்கட்டுரையில் மிகச் சிறிய இலக்கணக் கூறு ஒன்றை எடுத்துக்கொண்டு இவ்வினாக்களை எழுப்ப முனைகின்றோம். இறந்தகாலத்தில் நிகழ்ந்த ஒன்றற்கும் முன்னரே நிகழ்ந்து முடிந்ததனை உணர்த்தும் வினைவடிவமே அக்கூறு. வசதி கருதி இதனை முன்னிறந்தகாலம் என வழங்குவோம். ஆய்வுக்களம் மன்னார்த் தீவும் அதனை அடுத்த கரையும், மன்னார் வளைகுடாவின் எதிர்க்கரையிலுள்ள முத்துக்குளித்துறையுமாகும்.

1

ஐரோப்பிய மொழிகளுள் இக்காலத்தின் அமைப்பினைத் தெளிவாகக் காட்ட வல்லது பிரெஞ்சு மொழி. பிரெஞ்சு இலக்கணகாரர் இதற்கு இட்ட பெயரின் பொருள் 'முற்றியதனினும் மேலானது' என்பதாகும். 'பேசு' எனப் பொருள்படும் 'பார்லே' என்னும் ஒழுங்கான வினையை எடுத்துக்கொள்வோம். அதன் ஈற்றைக் களைந்து எச்சவடிவம் ஆக்கப்படுகின்றது. எழுத்தில் வேறுபடினும் ஒலியில் இதுவும் 'பார்லே' என்றே அமையும். இவ்வெச்சத்தின் முன் 'உடைத்தாயிரு' எனப் பொருள்படும் துணைவினையின் தொடர் இறந்தகால வடிவம் வந்து நிற்கும். தன்மை, முன்னிலை, படர்க்கை என்னும் மூவிடத்துக்கும் ஒருமை பன்மைக்கும் ஏற்பத் துணைவினையே திரிகின்றது, எச்சம் மாறாது. ஆயின் துணைவினையின் ஆறு வடிவங்களுள் நான்கு ஒலியளவில் 'அவே' என ஒன்றாகிவிட்டன. ஆதலின் இடத்தையும் எண்ணையும் உணர்த்தும் பொறுப்புப் பெரும்பாலும் முன்னிற்கும் பெயரையே சாருகின்றது.

இதனோடு தமிழை ஒப்பிடுக. பேசியிருந்தேன், பேசியிருந்தாய், பேசியிருந்தான், பேசியிருந்தாள், பேசியிருந்தது, பேசியிருந்தோம், பேசியிருந்தீர்கள், பேசியிருந்தார்கள், பேசியிருந்தன. இங்கும் 'பேசி' என்னும் எச்சம் மாறாது நிற்க, 'இரு' என்னும் துணைவினையே காலத்தையும் பாலிடத்தையும் ஏற்கின்றது. எச்சத்தின் பின் துணைவினை வருவதும், ஒவ்வொரு விகுதியும் தெளிவாக வேறுபட்டு ஒலிப்பதும் தமிழின் சிறப்பியல்புகள்.

பிரெஞ்சில் உடைமைச் சொல்லும் தமிழில் இருத்தற் சொல்லும் துணைவினையாக வருவதைக் கண்டு, ஐரோப்பியர் உடைமை வேட்கையினர், தமிழர் இருப்பின் மெய்ப்பொருளை நாடுவோர் எனத் தத்துவம் பேசப் புகுவாரும் உளர். இது கருத்துமுதல்வாத மயக்கமேயாம். செல்லுதல், வருதல் முதலிய சில வினைகளுக்குப் பிரெஞ்சு மொழியும் இருத்தற் சொல்லையே துணையாகக் கொள்கின்றது. 'வந்திருந்தேன்' என்பதற்கு அது கூறும் வடிவம் சொல்லுக்குச் சொல் தமிழை ஒத்தது. மொழியமைப்பிலிருந்து இனத்தின் ஆன்மாவைக் கண்டறிய முற்படுவோர் இத்தகைய சான்றுகளை வசதியாக மறந்துவிடுவர்.

2

தமிழ் மரபிலக்கணம் இவ்வடிவத்துக்குத் தனிக்காலம் வகுக்கவில்லை. தொல்காப்பியம் முதலாகக் காலம் மூன்றென்பதே கொள்கை. நன்னூல் அம்மூன்றுக்கும் உரிய இடைநிலைகளை வரையறுத்துத் தந்தது. இவ்வரையறையின்படி 'பேசியிருந்தேன்' என்பது ஒரு வினையெச்சமும் ஒரு வினைமுற்றும் அடுத்து நிற்கும் தொடர், 'இருந்தேன்' இறந்தகால முற்று, அவ்வளவே. இதனைக் குறையெனக் கூறுதல் பொருந்தாது. மரபிலக்கணம் சொல்லின் உறுப்புக்களைப் பகுத்துக் காட்டும் நெறியை மேற்கொண்டது. அந்நெறிக்கு மூன்று காலமே போதுமானது.

ஆயின் மக்கள் வழக்கில் 'இரு' என்பது அமர்தல், தங்குதல் என்னும் தன் பொருளை இழந்து துணைவினையாகத் தேய்ந்துள்ளமை கண்கூடு. 'நேற்று மாமா வந்திருந்தார்' என்னும்போது அவர் அமர்ந்ததைப் பற்றி எவரும் கருதுவதில்லை. இங்கு இன்னொன்றையும் கவனித்தல் வேண்டும். அவ்வாக்கியத்தில் இரண்டாம் நிகழ்ச்சி எதுவும் இல்லை. வந்தார், வந்த நிலை சிறிது நேரம் நீடித்தது, இப்போது அந்நிலை இல்லை என்பதே பொருள். பிரெஞ்சு மொழியிலோ, பின்னர் நிகழ்ந்த மற்றொன்று வெளிப்படையாகவேனும் குறிப்பாகவேனும் இருத்தல் பெரும்பாலும் வேண்டப்படும். மறுதலையாக, பிரெஞ்சு முன்னிறந்தகாலத்தைக் கட்டாயமாக வேண்டும் இடங்களிலே தமிழ் எளிய இறந்தகாலத்தோடு 'முன்னமே', 'ஏற்கெனவே' என்னும் சொற்களைச் சேர்த்து அமைதி காண்பதுண்டு. எனவே ஐரோப்பிய வாய்பாட்டின் கட்டமும் தமிழ் வழக்கும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவனவல்ல. ஒரு பகுதி பொருந்தும். ஒரு பகுதி வெளியே நிற்கும். இவ்விரண்டும் முதன்முதலில் எங்கே, எந்த நிலைமைகளில் எதிர்ப்பட்டன என்பதே வரலாற்று வினா.

3

16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மன்னார் வளைகுடாவின் இரு கரைகளும் ஒரே தொழிலால் இணைக்கப்பட்டிருந்தன. கடலடியிலுள்ள முத்துப் பார்களும் சங்கும் மீனுமே அத்தொழிலின் ஆதாரம். குளிப்போர், தோணியோட்டுவோர், முதலீடு செய்வோர், வரி கொள்வோர் எனப் படிநிலைப்பட்ட உற்பத்தி உறவுகள் அங்கே நிலவின. கடல்வணிகத்திற் செல்வாக்குப் பெற்றிருந்த முஸ்லிம் வணிகரோடு எழுந்த பூசலில் போர்த்துக்கேயரின் பாதுகாப்பை நாடிய பரதவர், 1535 முதல் 1537 வரையான ஆண்டுகளில் பெருந்தொகையாக ஞானஸ்நானம் பெற்றனர். முத்துக்குளிப்பின் வருவாயும் போர்த்துக்கேயர் கட்டுப்பாட்டுக்குள் வரலாயிற்று. மதமாற்றத்தைத் தனிமனித மனமாற்றமாக மாத்திரம் விளக்குவோரும், சூழ்ச்சியாக மாத்திரம் விளக்குவோரும் இப்பொருளாதாரப் பின்னணியைத் தவறவிடுகின்றனர்.

1544இல் மன்னார்த் தீவில் பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குருவானவரிடம் கரையோர மக்கள் பலர் ஞானஸ்நானம் பெற்றனர். அவர்கள் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணையாற் கொல்லப்பட்டனர். மாண்டோர் தொகை 600 அளவினதென மரபு கூறும். இறைவன் பெயரால் நிகழ்ந்ததாயினும், குடிகளின் விசுவாசம் யாருக்கு உரியது, அவர்களின் உழைப்பின் பயன் யாரைச் சாரும் என்ற அரசியல் வினா இதன் அடியிற் கிடந்தது. 1560இல் அரசப்பிரதிநிதி கொன்ஸ்தந்தீனு தெ பிறகன்சா யாழ்ப்பாணத்தின்மீது படையெடுத்தான். யாழ்ப்பாணத்தை நிலையாகக் கைக்கொள்ள இயலாதபோது மன்னாரைப் பற்றிக்கொண்டு அங்குக் கோட்டை அமைத்தான். எதிர்க்கரையில் நெருக்குதலுக்கு உள்ளாகியிருந்த பரதவருள் ஒரு பகுதியினர் மன்னாருக்குக் குடிபெயர்க்கப்பட்டனர். அவர்களுடன் சென்று மன்னாரிற் பணியாற்றியவர்களுள் இயேசு சபையைச் சேர்ந்த என்றீக்கே என்றீக்கஸ் அடிகளும் ஒருவர்.

என்றீக்கஸ் போர்த்துக்கலின் விலா விசோசாவில் 1520இல் பிறந்தவர். யூத மரபிலிருந்து கிறிஸ்தவத்துக்கு வந்த குடும்பத்தவராதலின் தம் நாட்டிலேயே துறவுச்சபை வாழ்வில் தடைகளை எதிர்கொண்டவர். 1546இல் கோவாவை அடைந்து, அடுத்த ஆண்டு முத்துக்குளித்துறைக்கு வந்தார். 1600இல் இறக்கும்வரை அவரது பணிக்களம் இக்கடலின் கரைகளே.

4

அவர் வருமுன் இக்கரையில் மதபோதனை துபாசிகளின் வாய்வழியே நடைபெற்றது. சவேரியார் துபாசிகளின் உதவியுடன் மன்றாட்டுக்களைத் தமிழாக்கி மனனஞ்செய்து ஓதுவித்தார். அம்மொழிபெயர்ப்பின் நிலைமைக்கு அவரது கடிதம் ஒன்றே சான்று. மன்னார்ப் படுகொலை நிகழ்ந்த அதே 1544ஆம் ஆண்டின் இறுதியில் தம் துணைவரான பிரான்சிஸ்கு மன்சில்லாஸுக்கு எழுதிய மடலில், விசுவாச அறிக்கையில் 'எனக்கு வேணும்' என ஓதுவதை நீக்கி, விசுவாசத்தைக் குறிக்கும் சொல்லை இடுமாறு அவர் பணித்தார். 'நம்புகிறேன்' என வரவேண்டிய இடத்தில் 'விரும்புகிறேன்' என்னும் பொருளே அதுவரை வழங்கியிருந்தது. ஒரு வினைச்சொல்லின் பிழையால் ஒரு சமயத்தின் அடிப்படை வாக்கியமே வேறாகிவிட்டது. இரண்டாண்டுக் காலம் மக்கள் அதனை ஓதி வந்தனர் என்பதும் எண்ணத்தக்கது. விசுவாசத்தை வினவியோருக்குத் தேவையைக் கூறி விடையளித்த அவ்வாக்கியம், அம்மக்களின் உண்மையான நிலையை அறியாமலே வெளியிட்டதெனக் கொள்ளினும் தவறில்லை.

இச்சூழலிலேதான் தமிழை முறையாகக் கற்கும் தேவை எழுந்தது. சவேரியாரின் வேண்டுகோளும் அதுவே. 1548ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வேம்பாறிலிருந்து உரோமாபுரிக்கு எழுதிய கடிதத்தில் என்றீக்கஸ் தாம் மொழி கற்ற முறையை விளக்குகின்றார். இலத்தீனைக் கற்போர் வினைத்திரிபைக் கற்பது போலத் தமிழ் வினைகளையும் திரித்து அட்டவணைப்படுத்த அவர் முயன்றார். இறந்தகாலங்கள், எதிர்காலங்கள், வினையெச்சங்கள் ஆகியவற்றையும் வேற்றுமைகளையும் கண்டறியப் பேருழைப்புத் தேவைப்பட்டதென்கிறார். இம்முயற்சியின் விளைவே 'ஆர்த்தே த லிங்குவா மலபார்' என்னும் இலக்கணம். மலபார் மொழியெனப் போர்த்துக்கேயர் வழங்கியது தமிழையே. ஐரோப்பிய மொழியொன்றில் எழுதப்பட்ட முதற்றமிழ் இலக்கணம் இது. அதன் கையெழுத்துப்படி லிஸ்பன் தேசிய நூலகத்தில் உள்ளது. ஹான்ஸ் பெர்மேயர் 1982இல் அதனைப் பதிப்பித்தார். ஜீன் ஹைன், வி. எஸ். ராஜம் ஆகியோரின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2013இல் ஹார்வட் கீழைத்தேய வரிசையில் வெளிவந்தது.

என்றீக்கஸ் தம் நூலைக் கற்கப் புகுவோர் இலத்தீன் இலக்கணம் அறிந்திருத்தல் வேண்டுமென்றும், அஃதறியாதார் யோவான் தெ பாறோஸின் போர்த்துக்கேய இலக்கணத்தைப் படித்தல் வேண்டுமென்றும் கருதினார். பாறோஸின் நூல் 1540இல் வெளிவந்தது. அந்நூல் காலங்களை ஐந்தாகப் பகுக்கின்றது: நிகழ்வது, முடியாத இறப்பு, முடிந்த இறப்பு, முடிந்ததனினும் மேலாக முடிந்த இறப்பு, வருவது. நாம் முன்னர்க் கண்ட பிரெஞ்சுப் பெயரும் இந்த நான்காம் கட்டத்தின் பெயரும் ஒரே இலத்தீன் மூலத்தின் கிளைகளாம். பாறோஸ் இலக்கணகாரர் மட்டுமல்லர். கீழைத்தேயப் படையெடுப்புக்களின் வரலாற்றாசிரியரும் லிஸ்பனில் இந்திய வாணிகத்தை மேற்பார்வை செய்த அலுவலகத்தின் அதிகாரியும் ஆவார். மிளகையும் முத்தையும் கணக்கிட்ட அதே கை வினைகளின் காலங்களையும் வகைப்படுத்தியது. இது தற்செயல் ஒற்றுமையன்று. வாணிக முதலாளித்துவத்தின் விடியலில் மொழியும் அளக்கப்பட வேண்டிய பொருளாயிற்று.

5

மூன்று காலத்தோடு அமைந்த மொழியில் நான்காவது, ஐந்தாவது கட்டங்களை நிரப்ப வேண்டிய தேவை யாது? வாய்பாட்டின் முழுமை வேட்கை ஒரு காரணம். எனினும் அதனை மாத்திரம் கூறி அமைதல் போதாது. கத்தோலிக்கக் குருவின் நாளாந்தப் பணியிலே பாவசங்கீர்த்தனம் முதன்மையானது. செய்த குற்றத்தைக் கூறுவது மட்டும் அங்கே போதாது. எப்போது செய்தார், நேர்த்தி செய்த பின்னரா முன்னரா, முந்திய சங்கீர்த்தனத்துக்கு முன்பே அதனைச் செய்திருந்தாரா, அதனை அப்போது மறைத்திருந்தாரா என்பனவெல்லாம் தீர்ப்புக்கு இன்றியமையாதவை. முன்னிறந்தகாலம் இங்கே அணியன்று, விசாரணைக் கருவி. என்றீக்கஸ் வெளியிட்ட நூல்களுள் ஒன்று பாவசங்கீர்த்தனத்துக்கென்றே 1580இற் கொச்சியில் அச்சிடப்பட்டதென்பது நினைவுகூரத்தக்கது.

சங்கீர்த்தனத் தொட்டியில் மட்டுமன்றி வாடியிலும் இதே காலவேறுபாடு உயிர்நாடியாகும். 'சம்மாட்டி முற்பணம் கொடுத்தார்' என்பதற்கும் 'கொடுத்திருந்தார்' என்பதற்கும் இடையில் ஒரு குடும்பத்தின் ஒரு பருவகால உழைப்பு அடங்கியிருக்கலாம். 'நாங்கள் கரைக்கு வந்தபோது மீன் விலைப்பட்டிருந்தது' என்ற வாக்கியத்தில் விலையைத் தீர்மானித்தவர் உழைத்தவரல்லர் என்னும் செய்தி வினைவடிவத்திலேயே பொதிந்துள்ளது. கடனையும் பங்கையும் பற்றிய வழக்குகள் எல்லாம் எது முன், எது பின் என்னும் வினாவிலேயே முடிவன. ஆதலின் கரையோர மக்கள் இவ்வடிவத்தைப் பாதிரியாரிடமிருந்து கற்றிருத்தல் இயலாது. அவர்களின் வாழ்க்கையே அதனை வேண்டிற்று.

கடன்சொற்களின் வரலாறும் இதனையே வலியுறுத்தும். கதிரை, சப்பாத்து, லேஞ்சி, பாண், மேசை, அலமாரி, சாவி எனப் போர்த்துக்கேயம் எமக்கு வழங்கியவை பெரும்பாலும் பொருட்பெயர்கள். மாதோட்டத்து நாட்டுக்கூத்துக்களுள் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பதிப்பித்த 'என்றீக் எம்பரதோர் நாடகம்' தன் பெயரிலேயே பேரரசனைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லைத் தாங்கி நிற்கின்றது. பண்டங்களும் பதவிகளும் கப்பலேறி வந்தன. அவற்றின் பெயர்களும் உடன் வந்தன. வினையின் கால அமைப்போ அவ்வாறு வரவில்லை. ஒன்றரை நூற்றாண்டுப் போர்த்துக்கேயத் தொடர்பின் பின்னரும், 1658இல் ஒல்லாந்தர் மன்னாரைக் கைப்பற்றிய பின்னரும், பேசியிருந்தேன் என்பது எச்சத்தின் பின் துணைவினை என்னும் தமிழ் ஒழுங்கிலேயே நிற்கின்றது.

6

இங்கு இரு நிலைப்பாடுகளை மறுத்தல் வேண்டும். முதலாவது, மிஷனரிமார் தமிழுக்கு இலக்கண ஒழுங்கினை அளித்தனர் என்னும் நன்றிக்கடன் நோக்கு. கட்டத்தை வரைந்தவர் பாதிரியார். அதனுள் எழுதப்பட்ட விடை கரையோரத்தவருடையது. அவ்விடையளித்தோரின் பெயர்களுள் மிகச் சிலவே எமக்குக் கிட்டியுள்ளன. என்றீக்கஸுக்கு உதவிய பேரோ லூயிஸ் என்னும் பிராமணக் கிறிஸ்தவர் இயேசு சபையிற் சேர்க்கப்பட்டமையால் ஆவணங்களில் இடம்பெற்றார். குளிகாரர், படகோட்டிகள், மன்றாட்டுக்களை ஓதிய பெண்கள் ஆகியோர் பெயரின்றி மறைந்தனர். 1578இற் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறியபோதும், 1586இல் 'அடியார் வரலாறு' வெளிவந்தபோதும் அச்சுப் பணிக்குப் பொருளுதவி செய்தவர்கள் இக்கரைப் பரதவர்களே. அவர்களின் முத்தும் சொல்லும் ஒருங்கே எடுத்துக்கொள்ளப்பட்டன. முத்துக்கேனும் கணக்கு எழுதப்பட்டது. மொழியுழைப்புக்குக் கணக்கு எழுதப்படவில்லை.

இரண்டாவது, அந்நியர் இலக்கணம் தமிழின் தூய்மையைச் சிதைத்தது. அதனை ஆராய்வதே வீண் என்னும் தூய்மைவாத நோக்கு. இந்நோக்கு செந்தமிழை மாத்திரமே மொழியெனக் கொள்வது. 16ஆம் நூற்றாண்டில் கற்றோர் குழாம் பதிவுசெய்யத் தகாததெனக் கருதிய கடற்கரைப் பேச்சினை, தன் சொந்த நலனுக்காகவேனும், அந்நியன் ஒருவன் பதிவுசெய்தான் என்பது வரலாற்றின் முரண்நிலை. அதிகாரத்தின் தேவையால் எழுந்த ஆவணம், அதிகாரம் அற்றோரின் மொழிக்குச் சான்றாகின்றது. இம்முரணை ஒருபக்கமாகத் தீர்க்க முயலாது, அதன் இருபக்கங்களையும் ஒருங்கு நோக்குவதே இயங்கியல் ஆய்வாளனின் கடமை.

1913இல் பிறந்து 1980இல் மறைந்த தனிநாயக அடிகள் லிஸ்பன் முதலிய இடங்களின் நூலகங்களில் இப்பழைய தமிழ் நூல்களைத் தேடிக்கண்டு உலகறியச் செய்தார். அப்பணியின் அடுத்த படியாக அந்நூல்களை அவற்றிற்குச் சொல் வழங்கிய சமுதாயத்தின் பக்கத்தில் வைத்துப் படித்தல் வேண்டும்.

7

இவ்வேண்டுகோளுக்கு இன்று அவசரமும் உண்டு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் மன்னார்த் தீவின் முஸ்லிம் மக்களை வெளியேற்றினர். அவர்களுட் பெரும்பாலார் புத்தளப் பகுதியில் நெடுங்காலம் வாழ நேர்ந்தது. 2009இல் முடிவுற்ற போர் பேசாலை, வங்காலை, அரிப்பு, சிலாவத்துறை முதலிய ஊர்களின் மீனவரைப் பன்முறை இடம்பெயர்த்தது. பலர் தமிழகத்துக்கும் ஐரோப்பாவுக்கும் சென்றனர். இவ்வாறு ஒரு பேச்சுச் சமுதாயம் துண்டுபட்டபோது அதன் மொழிச் சான்றுகளும் சிதறின.

1980கள் முதலாகப் பிரான்சிற் குடியேறிய ஈழத்தமிழரின் பிள்ளைகள் இன்று பள்ளியிலே நாம் தொடக்கத்தில் விளக்கிய அதே வாய்பாட்டை ஒப்புவிக்கின்றனர். அன்று ஐரோப்பியர் கட்டத்தைக் கொண்டுவந்து தமிழரிடம் வடிவத்தைக் கேட்டனர். இன்று தமிழ்ப் பிள்ளை பிரெஞ்சு வடிவத்தால் அக்கட்டத்தை நிரப்ப வேண்டியுள்ளது. பாதிரியாரின் பிழையைத் திருத்துவதற்கு ஒரு சபையே பின்னால் நின்றது. குடியேறியவரின் பிள்ளை செய்யும் பிழையோ மதிப்பெண்ணிலும் வேலைவாய்ப்பிலும் கணக்கிடப்படுகின்றது. இலக்கணக் கட்டம் ஒன்றே. அதனை யார் யாரிடம் நிரப்பக் கேட்கின்றார் என்பதிலேயே அதிகாரம் வெளிப்படுகின்றது. அப்பிள்ளைக்குக் கற்பிப்போர் 'பேசியிருந்தேன்' என்னும் வடிவத்தைப் பக்கத்தில் எழுதிக்காட்டி, இரண்டும் எங்கே ஒக்கும், எங்கே ஒவ்வா என விளக்குவராயின் இரு மொழிகளும் தெளிவுபெறும்.

யாழ்ப்பாணத் தமிழ் குறித்து சு. சுசீந்திரராசா முதலியோர் மேற்கொண்ட மொழியியல் ஆய்வுகளை ஒத்த விரிவான ஆய்வு மன்னார்க் கரையோரப் பேச்சுக்கும் வேண்டற்பாலது. பரதவர், கடையர், முக்குவர், முஸ்லிம்கள், பெருநிலப்பரப்பின் உழவர் என்போரின் பேச்சுக்கள் தனித்தனியே ஒலிப்பதிவு செய்யப்படல் வேண்டும். 'இரு' முதலிய துணைவினைகள் தொழிற்களத்தில் எவ்வாறு வழங்குகின்றன என்பது வாடியிலும் கரைவலைத் துறையிலும் வைத்தே திரட்டப்படல் வேண்டும். அவற்றைக் கூறுவோர் பெயர் குறிப்பிடப்படுவதை விரும்புவராயின், அப்பெயர்கள் ஆய்வேட்டின் முதற்பக்கத்திலேயே இடம்பெறுதல் வேண்டும். பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளும் தமிழ்ச் சங்கங்களும் இப்பணியைக் கூட்டாக மேற்கொள்ளுமாயின், 1548இல் வேம்பாறிலே தொடங்கிய அவ்வட்டவணையின் மறுபாதியை எழுதத் தொடங்கலாம்.